மலாகாவில் நான் கொளுத்தாத மெழுகுதிரி

நான் அந்தக் கோயிலுக்குப் போகவில்லை.

மெழுகுதிரி கொளுத்தவில்லை. மாதாவின் காலடியில் வெள்ளித் தொட்டிலை வைக்கவில்லை. வைத்தேன் என்று சொன்னேன். சொன்னதோடு நின்றேனா? படி ஏறினேன், மணி அடித்தது, கண்ணீர் வந்தது என்று கதையும் கட்டினேன்... கேட்டவர்கள் எல்லோரும் நம்பினார்கள்!

மறந்துபோனேன் என்று நினைத்துவிடாதீர்கள். மறந்திருந்தால், வயதுபோனவள்தானே என்று நீங்களும் விட்டிருப்பீர்கள், நானும் என்னை விட்டிருப்பேன். எனக்கு நன்றாக நினைவிருந்தது. நினைவோடுதான் போகாமல் இருந்தேன்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். எனக்கு எழுத வாசிக்கத் தெரியாது. இதை இந்தக் கைபேசிக்குள் பேசிக்கொண்டிருக்கிறேன், அது எழுதுகிறதாம். என் வீட்டுப் பேச்சில் பேசினால் அதற்கு விளங்குவதில்லை, வேறு எதையோ எழுதி வைக்கிறது என்று என் பேத்தி ஆரணி விழுந்து விழுந்து சிரிப்பாள். அதனால் வானொலியில் செய்தி வாசிப்பவரைப் போல, நிறுத்தி நிறுத்தி, மரியாதையாகப் பேசுகிறேன். நாங்கள் கதைத்ததை மட்டும் கதைத்தபடியே சொல்கிறேன், அது எப்படி எழுதுகிறதோ. என் பாவத்துக்கு இப்படி ஒரு நல்ல தமிழ்!

கமலத்திலிருந்து தொடங்க வேண்டும்.

சிட்னியில், செவன் ஹில்ஸில், எங்கள் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி இருக்கிறாள் கமலம். அங்கே ஒரு தொழிற்சாலையில் நானும் அவளும் பல வருடம் பக்கத்தில் பக்கத்தில் நின்று பிஸ்கட் பெட்டி அடுக்கியவர்கள். முழு நாளும் நின்றபடி வேலை. இப்போது இருவருக்கும் முழங்கால் போய்விட்டது. எனக்கு வாசிக்கத் தெரியாது என்பது அந்தத் தொழிற்சாலையில் அவள் ஒருத்திக்குத்தான் தெரியும். சுவரில் புது அறிவித்தல் ஏதும் ஒட்டினால், என் பக்கத்தில் வந்து நின்று, தனக்குத்தானே கதைப்பதுபோல, அதில் உள்ளதைத் தமிழில் முணுமுணுப்பாள். வாசித்துக் காட்டுகிறேன் என்று ஒருநாளும் சொன்னதில்லை. நானும் நன்றி சொன்னதில்லை. அவள் முணுமுணுத்தாள், நான் கேட்டுக்கொண்டேன், அவ்வளவுதான்.

அப்படிப்பட்டவளுக்குத்தான் இதைச் செய்தேன்.

கமலத்தின் ஒரே மகள் துஷி. கல்யாணம் முடித்துக் கனகாலம் பிள்ளை இல்லை. இங்கே பெரிய டொக்டர்மார் இருக்கிறார்கள், ஊசி இருக்கிறது, மருந்து இருக்கிறது. எல்லாம் பார்த்தார்கள். ஒவ்வொரு முறையும் கரு தங்கியதுபோல இருந்து, தங்காமல் போகும். ஒவ்வொரு முறையும் கமலம் எங்கள் வீட்டுக்கு வந்து, நான் சமைக்கிற குசினியில் ஒரு கதிரையில் உட்கார்ந்து, தேத்தண்ணி ஆறும்வரை பார்த்துக்கொண்டு இருப்பாள். அழமாட்டாள். அழுதிருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும்...

தொழிற்சாலையில் எங்களோடு ரோசா என்று ஒருத்தி வேலை செய்தாள். ஸ்பெயின் நாட்டில் மலாகா என்ற கடற்கரைப் பட்டினம் அவளுடைய ஊர். தன் ஊரில் ஒரு மாதா இருக்கிறா, பிள்ளை இல்லாதவர்களுக்குப் பிள்ளை கொடுப்பா என்று அவள் சொன்னது கமலத்தின் மனதில் விழுந்துவிட்டது. நாங்கள் சைவக்காரர்தான். ஆனால் ஊரிலே மாதாவுக்கு நேர்த்தி வைக்காத சைவ வீடு எங்கே இருக்கிறது? முருகனுக்குக் காவடி, மாதாவுக்கு மெழுகுதிரி... எங்களுக்கு அதில் ஒரு குழப்பமும் இல்லை.

அந்த நேரம் பார்த்துத்தானா என் மருமகனுக்கு மலாகாவிலே வேலைக் கூட்டம் வர வேண்டும்!

மகள் வாணி லீவு போட்டாள். எல்லோருமாகப் போவோம், அம்மாவும் ஐரோப்பாவைப் பார்க்கட்டும் என்றாள். எனக்குச் சந்தோசம் தாங்கவில்லை. புதுச் சப்பாத்து வாங்கினேன். சின்னப் பேரனுக்கு இரண்டு வயது. அவனைப் பார்க்க ஓர் ஆள் வேண்டும் என்பதை யாரும் வாயால் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. சொல்லாமலே விளங்குகிற விசயம் அது.

போவதற்கு முன் கமலம் வந்து, ஒரு சிறு பட்டுத் துணியை என் கையில் வைத்தாள். உள்ளே பெருவிரல் அளவில் ஒரு வெள்ளித் தொட்டில். துஷி குழந்தையாக இருந்தபோது போட்ட கொலுசை உருக்கிச் செய்வித்ததாம். தான் போகலாம் என்றால் முழங்காலில் கத்தி வைக்கத் திகதி கொடுத்துவிட்டார்கள்.

"பரமம், நீ போறதும் நான் போறதும் ஒண்டுதான். ஒரு மெழுகுதிரியைக் கொளுத்திப்போட்டு இதைக் காலடியில வைச்சிடு. சுத்தமாய்ப் போ, என்ன? மச்சம் கிச்சம் சாப்பிட்டிட்டுப் போயிராதை."

"எனக்குச் சொல்லித் தாறியோடி? அது தெரியாதே எனக்கு!"

"உனக்குத் தெரியும். உன்ர வாய்க்குத்தான் தெரியாது" என்று சிரித்தாள்.

மீனோ இறைச்சியோ தின்ற வாயோடு நாங்கள் கோயில் வாசலை மிதிக்கமாட்டோம். அதைத்தான் சொன்னாள். பகிடியாகத்தான் சொன்னாள்.

மலாகாவுக்குப் போய்ச் சேர்ந்தோம். என்ன பார்த்தேன் என்கிறீர்களா? ஹோட்டல் அறையைப் பார்த்தேன். பேரனுக்குப் பல் முளைக்கிற காலம், சிணுங்கிக்கொண்டே இருந்தான். வாணியும் ஆரணியும் வெளியே போய் வந்து படம் காட்டுவார்கள். யன்னலால் எட்டிப் பார்த்தால் எதிரே ஒரு மஞ்சள் சுவர். அந்தச் சுவரில் யாரோ துணி காயப் போடுவார்கள். இத்தனை கடல் தாண்டி வந்து, யாரோ ஒருத்தருடைய துவாயைப் பார்த்துக்கொண்டு இருந்தேன்!

குறை சொல்லவில்லை. பேரன் என் பேரன்தானே. ஆனால் களைத்திருந்தேன். பயணக் களைப்பு இல்லை அது. எப்போது தொடங்கியது என்றே தெரியாத களைப்பு.

கடைசி நாளுக்கு முதல்நாள் வாணி சொன்னாள். "அம்மா, இண்டைக்கு ரெண்டு பேரையும் நான் பாக்கிறன். நீங்கள் உங்கட பாட்டுக்குச் சுத்திப் பாத்திட்டு வாங்கோ. கமலம் அன்ரீன்ர நேர்த்தியையும் முடிச்சிடுங்கோ."

"தனியாவோ? எனக்கு ஒரு எழுத்தும் தெரியாதே, பிள்ளை!"

"எழுத்து ஏன்? சிவத்த பஸ். அதில ஏறுங்கோ, அதிலயே திரும்பி வாங்கோ."

ஹோட்டல் விலாசத்தை என் கைப்பையில் போட்டாள். கொஞ்சக் காசு தந்தாள். பேருந்துச் சாரதியிடம் போய், கைபேசியில் மாதா கோயிலைக் காட்டி, அம்மாவை அங்கே இறக்கிவிடுங்கள் என்று சொல்லிவைத்தாள். என் மகள் கெட்டிக்காரி. எல்லாம் சரியாகத்தான் செய்தாள்.

சிவப்புப் பேருந்து! உங்களுக்கு அதைப் பற்றிச் சொல்லாமல் எப்படி விடுவேன்? இரண்டு தட்டு, மேல்தட்டுக்குக் கூரை இல்லை. ஊர் பார்க்க வந்தவர்களை ஏற்றிக்கொண்டு நாள் முழுக்க ஊரைச் சுற்றிச் சுற்றி வரும். விரும்பிய இடத்தில் இறங்கலாம், விரும்பிய இடத்தில் ஏறலாம். மேலே போய் முன்வரிசையில் இருந்தேன். காதில் மாட்டிக் கேட்க ஒன்று தந்தார்கள். எத்தனையோ பாசை இருந்ததாம்; தமிழ் இல்லை. எனக்குக் கவலையே இல்லை! ஏதோ ஒரு பாசையில் ஒரு பெண் காதுக்குள் இனிமையாகக் கதைத்துக்கொண்டு வந்தாள். ஒரு சொல்லும் விளங்கவில்லை. அது எவ்வளவு பெரிய ஆறுதல் தெரியுமா? அவள் என்னிடம் எதையும் கேட்கவில்லை.

மலையிலே ஒரு கோட்டை இருந்தது. தெருவெல்லாம் தோடை மரம், ஆரஞ்சு நிறத்தில் காய் காயாய்த் தொங்குகிறது, ஒருவரும் பிடுங்குவதில்லை! பேருந்து ஓரிடத்தில் நின்றபோது கையை நீட்டி ஒன்றைப் பிடுங்கினேன். நகத்தால் கீறி நக்கினால்... அப்பா, என்ன கசப்பு! ஊறுகாய் போடத்தான் சரி. பனைபோல உயர்ந்த மரங்களில் பச்சைக் கிளிகள் கத்திச் சண்டை பிடித்தன. என்னை விட வயதான பெண்கள் உதட்டுக்குச் சிவப்புப் பூசி, குதி உயர்ந்த சப்பாத்தோடு, மர நிழலில் வாங்கில்களில் உட்கார்ந்து கதைத்துக்கொண்டிருந்தார்கள். அவர்கள் மடியில் ஒரு பிள்ளையும் இல்லை.

ஊரின் பெரிய கோயிலுக்கு ஒற்றைக் கோபுரம். மற்றதைக் கட்டத் தொடங்கிப் பாதியில் விட்டுவிட்டார்களாம், ஆரணி சொல்லியிருந்தாள். எனக்கு அந்தப் பாதிக் கோபுரத்தைத்தான் பிடித்தது. எத்தனை காலமாக அப்படியே நிற்கிறது! ஒருவரும் அதைத் திட்டவில்லை. எல்லோரும் அண்ணாந்து படம் எடுக்கிறார்கள்.

பிறகு பேருந்து ஒரு சந்தியில் நின்றது. சாரதி படிக்கட்டடியில் வந்து நின்று என்னை அழைத்தார். நெஞ்சில் சிலுவை போட்டுக் காட்டி, ஒரு குறுகிய ஒழுங்கைப் பக்கம் கையை நீட்டினார். மாதா கோயில்.

நான் தலையை ஆட்டினேன்.

எந்தப் பக்கம் ஆட்டினாய் என்று கேட்கிறீர்களா? எங்கள் ஆட்கள் ஆட்டுவோமே, ஓமும் இல்லாமல் இல்லையும் இல்லாமல்... அந்த ஆட்டு. மனிதன் குழம்பிப்போனார். கொஞ்ச நேரம் நின்று பார்த்தார். நான் சிரித்தேன், ஆனால் எழும்பவில்லை. பின்னால் இருந்தவர்கள் முணுமுணுத்தார்கள். பேருந்து புறப்பட்டது.

அடுத்த சுற்றில் இறங்குவேன் என்று எனக்கு நானே சொன்னேன்.

அடுத்த சுற்றும் வந்தது. அதே கோட்டை, அதே கிளி, அதே பாதிக் கோபுரம். அலுக்கவில்லை! அதே சந்தி. பாவம் அந்தச் சாரதி, இம்முறை சிலுவையும் போட்டு, கையும் கூப்பிக் காட்டினார். நான் காதில் கேட்கும் பெண்ணின் பேச்சில் மூழ்கிப்போனவள்போல மறுபக்கம் திரும்பிக்கொண்டேன்.

ஏன்? நீங்கள் கேட்கமாட்டீர்களா, ஏன் என்று? நான் இன்றுவரை கேட்கிறேன்.

மடியில் கைப்பை இருந்தது. அதற்குள் பெருவிரலளவு தொட்டில். அது அம்மிக்கல்போலக் கனத்தது! மாமியாரின் கண்ணுக்கு நான் நேர்த்தி வைத்தேன். கணவரின் நெஞ்சு வருத்தத்துக்கு நான் விரதம் இருந்தேன். வாணியின் பிள்ளைப்பேற்றுக்கு நான் கோயில் வீதி முழுக்க விழுந்து கும்பிட்டு அடி அழித்தேன். யாருக்கு என்ன வந்தாலும் என் கால்தான் நடக்கும், என் வயிறுதான் காயும். அதெல்லாம் விருப்பத்தோடு செய்ததுதான். ஆனால் அன்றைக்கு, அந்தப் பேருந்தின் மேல்தட்டில், காற்று முகத்தில் அடிக்கும்போது... இறங்கினால் மறுபடியும் ஒருத்தருக்காக நடக்க வேண்டும் என்று நினைத்தபோது... கால் எழும்பவில்லை. உண்மையாகவே எழும்பவில்லை.

கடற்கரைத் தரிப்பிடத்தில் மட்டும் எழும்பியது! பாருங்கள், என் காலின் கள்ளத்தனத்தை!

இறங்கி, புதுச் சப்பாத்தைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, மணலில் நடந்தேன். அரைகுறை உடுப்போடு ஆண்களும் பெண்களும் கிடந்தார்கள். முதலில் வெட்கப்பட்டுக் கண்ணைத் தாழ்த்தினேன். பிறகு தாழ்த்தவில்லை. அவர்களுக்கே இல்லாத வெட்கம் எனக்கு ஏன்?

அங்கேதான் அந்தப் படகு. மணலில் ஒரு பழைய படகு. அதற்குள்ளும் மணல் நிரப்பி, மேலே விறகு எரிகிறது. சாளை மீனை வரிசையாகக் கம்பில் குத்தி, நெருப்புக்குப் பக்கத்தில் நட்டுவைத்துச் சுட்டுக்கொண்டிருந்தான் ஒருவன். கல் உப்பு மட்டும். தூள் இல்லை, புளி இல்லை! தோல் கருகி, எண்ணெய் சொட்டி, நெருப்பு சீறுகிறது... அந்த மணம்!

மணத்தில் மயங்கிவிட்டேன் என்று சொன்னால் நீங்கள் சிரித்துவிட்டு மன்னித்துவிடுவீர்கள். வாயைக் கட்டத் தெரியாதவள் என்று கமலமும் சொல்லியிருந்தாள்தானே.

ஆனால் அது உண்மையில்லை. இதைத்தான் நான் இன்றுவரை ஒருவருக்கும் சொல்லவில்லை.

ஒரு மீனை வாயில் வைத்தால் போதும், இன்றைக்கு அந்தக் கோயிலுக்குப் போகத் தேவையில்லை என்று எனக்குத் தெரிந்திருந்தது. போக முடியாது என்றே ஆகிவிடும். பிறகு அது என் விருப்பம் இல்லை, முறை! அதைத் தெரிந்துகொண்டுதான் கையை நீட்டி அந்தக் கம்பைக் காட்டினேன். பசி இல்லை. ஆசைகூட இல்லை, முதல் மீனுக்கு. அடுத்த மீனிலிருந்துதான் ஆசை வந்தது.

எத்தனை தின்றேன் என்று கேட்காதீர்கள்.

கடலில் காலை வைத்துக்கொண்டு, விரல்களை நக்கிக்கொண்டு நின்றேன். என் வாழ்க்கையில் அப்படி ஒரு பகல் வந்ததில்லை. அப்போது நான் யாருக்கும் தாயில்லை, யாருக்கும் மாமியில்லை. பெயர்கூட இல்லை. கைப்பைக்குள் துஷியின் கொலுசு இருந்தது. அதுவும் நினைவிருந்தது!

பின்னேரம் வாணி கேட்டாள். "போனனீங்களோ அம்மா?"

"ஓம்."

அவ்வளவுதான். எவ்வளவு சுலபமாக வந்தது அந்த "ஓம்"! சேலையில் புகை மணம் இருந்திருக்கும். அவள் அதை மெழுகுதிரிப் புகை என்று நினைத்தாளோ என்னவோ.

அடுத்தநாள் கமலம் தொலைபேசியில் வந்தாள். 

"பரமம், கொளுத்தினியோ?"

"கொளுத்தினனான்."

"தொட்டில்?"

"காலடியிலதான் வைச்சனான், வடிவாய்."

"உனக்குப் புண்ணியம் கிடைக்கும். எப்பிடி இருந்தது கோயில்? சொல்லன், சொல்லன்!"

சொன்னேன். கோயிலே காணாதவள் சொன்னேன்! கடலைப் பார்த்தபடி மேட்டிலே ஒரு கோயில். ஏற ஏறப் படிகள். என் முழங்கால் விண் விண் என்று வலித்தும் ஒவ்வொரு படியிலும் துஷியின் பெயரைச் சொல்லிச் சொல்லி ஏறினேன். வாசலை மிதித்ததும் மணி அடித்தது... எனக்குத் தெரிந்த எல்லாக் கோயிலையும் குழைத்து ஒன்றாக்கி அவளுக்குக் கொடுத்தேன். அவள் மறுபக்கத்தில் விம்முவது கேட்டது. இத்தனை வருடமாக என் குசினியில் அழாதவள், நான் சொன்ன பொய்யைக் கேட்டு அழுதாள்.

சிட்னிக்கு வந்த பிறகு அந்தத் தொட்டிலை வைத்துக்கொள்ளவும் முடியவில்லை, எறியவும் முடியவில்லை. ஒரு வெள்ளிக்கிழமை முருகன் கோயில் உண்டியலில் போட்டுவிட்டேன். மாதாவுக்கு வைத்த நேர்த்தி! முருகன் என்ன நினைத்தாரோ.

சில மாதம் கழித்து, காலையில் கதவைத் தட்டி இடித்துக்கொண்டு வந்தாள் கமலம். புது முழங்காலோடு ஓடி வந்தாள்!

"பரமம்! தங்கியிட்டுதாம்! டொக்டர் இதயத் துடிப்பும் கேட்டவராம்! உன்ர கைதானடி... உன்ர காலும் கையும்தான்!"

என் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றினாள். மீன் தின்ற கை.

அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டும். எப்படிச் சொல்வேன்? ஒவ்வொரு முறையும் தங்காமல் போன பிள்ளை. இந்த முறையாவது தங்கட்டும், பிறக்கட்டும், பிறகு சொல்லலாம் என்று இருந்தேன். பிறந்தது. பெண் குழந்தை, நல்ல வடிவு. ஓவியா மேரி என்று பெயர் வைத்தார்கள், மாதாவின் நினைவாக. முப்பத்தோராம் நாள், பிள்ளையைத் தொட்டிலில் இட யாரைக் கூப்பிட்டார்கள் தெரியுமா? என்னைத்தான். சபையில் இருந்த பெண்களெல்லாம் என்னைப் பார்த்த பார்வை! ஒருத்தி என்னைத் தனியே கூப்பிட்டு, "மாமி, அடுத்தமுறை போனால் என்ர மருமகளுக்கும் ஒண்டு..." என்றாள்.

மறுத்தேனா? "பாப்பம் பிள்ளை" என்றேன். உள்ளுக்குள் கொஞ்சம் குளிர்ந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். எழுத்தறியாத என்னை ஒரு சபை அப்படிப் பார்த்தது அதுதான் முதல் தடவை.

பிள்ளை தவழத் தொடங்கியதும் கமலம் சொன்னாள், மலாகாவுக்குப் போகிறார்களாம். துஷியும் பிள்ளையும் அவளும். நேர்த்தி பலித்தால் பிள்ளையோடு வந்து காட்டுவேன் என்று வேண்டியிருந்தாளாம்.

"நீ ஏறின படியெல்லாம் நானும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஏறப்போறன்" என்றாள்.

"உன்ர காலுக்கு ஏலாதடி..."

"நீ ஏறினனிதானே?"

நான் வாயைத் திறந்தேன். திறந்த வாயால், "குளிர் சட்டை கொண்டு போ" என்று மட்டும் சொன்னேன்.

அவர்கள் போயிருந்த நாட்களில் எனக்குச் சோறு இறங்கவில்லை. வாணி டொக்டரிடம் கூட்டிப்போனாள். டொக்டர் இரத்த அழுத்தம் பார்த்து, கொஞ்சம் நடக்கச் சொன்னார்.

திரும்பி வந்த ஞாயிற்றுக்கிழமை கமலம் வீட்டில் எல்லோரும் கூடினோம். அது எங்கள் வழக்கம். யாராவது எங்காவது போய் வந்தால் மத்தியானச் சாப்பாடும் பயணக் கதையும். துஷி கைபேசியில் உள்ள படங்களைத் தொலைக்காட்சியில் போட்டுக் காட்டினாள்.

கோயில் வந்தது.

ஒரு ஒடுங்கிய ஒழுங்கை. ஒரு பக்கம் சப்பாத்துக் கடை, மறு பக்கம் சாப்பாட்டுக் கடை. நடுவில் சின்னக் கதவு. மேடு இல்லை. கடல் இல்லை. ஒரு படிகூட இல்லை! தெருவிலிருந்து அப்படியே உள்ளே நடந்து போகலாம்.

"அன்ரி, எவ்வளவு சின்னக் கோயில், பாத்தீங்களோ! ஸோ கியூட்" என்றாள் துஷி என்னைப் பார்த்து. "பக்கத்தில மீன் கடை. பூசை முடிஞ்சு பாதரே அங்கதான் வந்திருந்து மீன் சாப்பிடுறார்!"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன் என்றுதான் நினைக்கிறேன்.

அடுத்த படத்தில் ஒரு கண்ணாடிப் பெட்டி. உள்ளே வெள்ளியில் சின்னச் சின்னக் கால், கை, கண், குழந்தை... நேர்த்திக்குக் கொடுத்தவற்றையெல்லாம் எறியாமல் தொங்கவிட்டு வைத்திருக்கிறார்கள்.

"அம்மா இதுக்கு முன்னால எவ்வளவு நேரம் நிண்டவ தெரியுமே? வாங்கோ அம்மா எண்டாலும் வரேல்லை. ஒவ்வொண்டாய்ப் பாத்துக்கொண்டே நிண்டவ. எனக்குப் பிள்ளையை வைச்சிருந்து கை உளைஞ்சு போச்சு."

என்ன தேடினாள் என்று துஷிக்குத் தெரியவில்லை. மற்றவர்களுக்கும் தெரியவில்லை. எனக்குத் தெரிந்தது.

ஒருத்தி கேட்டாள். "என்ன கமலமக்கா, பரமமக்கா படி எண்டவ, கடல் எண்டவ... ஒண்டையும் காணேல்லை?"

கமலம் பிள்ளைக்குச் சோறு பிசைந்துகொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"அது மற்றப் பக்கத்து வாசல். பரமம் சொன்ன மாதிரியேதான் இருந்தது" என்றாள்.

அவள் பொய் சொல்லி நான் கேட்டதில்லை. எத்தனையோ வருடம் என் பக்கத்தில் நின்றவள். மேலாளர் கேட்டாலும் உள்ளதைத்தான் சொல்வாள். அன்றைக்கு எனக்காகச் சபையில் சொன்னாள்.

என்னால் இருக்க முடியவில்லை. குசினிக்குள் அவள் தனியே கோப்பை கழுவிக்கொண்டிருந்தபோது பின்னால் போய் நின்றேன். 

"கமலம்... நான் அண்டைக்கு..."

"பேசாமல் இரு."

"இல்லையடி, கேள். நான் அந்தக் கோயிலுக்கு..."

தண்ணீரை நிறுத்தினாள். திரும்பினாள். கோபம் இருந்தால் நான் தாங்கியிருப்பேன். களைப்புத்தான் இருந்தது முகத்தில். என்னுடையதைப் போன்ற களைப்பு.

"சொல்லாதை, பரமம். நீ சொன்னால் எனக்குத் தெரிஞ்சதாய்ப் போயிடும். எனக்குத் தெரிஞ்சால் துஷிக்குச் சொல்ல வேணும். அவளிட்டை நான் ஒண்டையும் மறைக்கிறேல்லை. அவள் பிறகு அந்தப் பிள்ளைக்கு ஒரு தும்மல் வந்தாலும் நேர்த்தி குறையாய்ப் போச்சு, நேர்த்தி குறையாய்ப் போச்சு எண்டு சாவாள். அவள் இவ்வளவு நாளும் பட்டது காணும்."

"அப்ப நான் என்ன செய்ய?"

"நீயே வைச்சிரு" என்றாள். "உன்ரதுதானே. நீயே வைச்சிரு."

பிறகு ஒரு துணியை என் கையில் தந்து, கோப்பைகளைத் துடைக்கச் சொன்னாள். துடைத்தேன்.

அதனால்தான் முகம் தெரியாத உங்களிடம் வந்தேன். வாணிக்குச் சொன்னால் அவள் துஷிக்குச் சொல்லிவிடுவாள். முருகனுக்குச் சொல்ல வெட்கம். உங்களுக்குத் துஷியைத் தெரியாது, அந்தப் பிள்ளையைத் தெரியாது.

போன கிழமை ஓவியாவுக்குக் காய்ச்சல். கமலம் எனக்குச் சொல்லவில்லை. முன்பென்றால் முதலில் எனக்குத்தான் சொல்வாள். வாணி சொல்லி, சப்பாத்தைப் போட்டேனா இல்லையா என்றே தெரியாமல் ஓடினேன். கமலம்தான் கதவைத் திறந்தாள்.

"சும்மா தடிமன், மூக்கு ஒழுகுது. ஏன் இப்பிடி ஓடி வாறாய்?" என்றாள். "டொக்டர் பாத்திட்டார். போயிட்டு நாளைக்கு வா."

குரலில் ஒரு குறையும் இல்லை. கதவு மட்டும் பாதிதான் திறந்திருந்தது. உள்ளே பிள்ளை அழுதது. நான் வாசலில் நின்று, தடிமன்தான், தடிமன்தான் என்று எனக்குள்ளே சொல்லிக்கொண்டேன். இனி அந்தப் பிள்ளைக்கு வருகிற ஒவ்வொரு காய்ச்சலுக்கும் இப்படித்தான் நிற்பேன். அவள் பெரியவளாகி, கல்யாணம் முடித்து, அவளுக்கொரு பிள்ளை தங்காமல் போனால்... அப்போதும், உயிரோடு இருந்தால், இப்படித்தான்!

நான் அழுது முடித்துவிட்டேன் என்றோ, திருந்திவிட்டேன் என்றோ நினைக்காதீர்கள். பொய் சொன்னதற்கு வருந்துகிறேன். கமலத்தைச் சபையில் பொய் சொல்ல வைத்ததற்கு ஒவ்வொரு நாளும் வருந்துகிறேன். ஆனால் அந்தப் பகல்... கடலில் கால் வைத்து நின்ற அந்தப் பகலை மட்டும் வேண்டாம் என்று சொல்ல என் வாய் வரவில்லை. எத்தனையோ முறை முயன்று பார்த்துவிட்டேன். நேற்றும் முயன்றேன்.

வரவில்லை.